பல்மருத்துவர் விட்டுப்போன அங்கி

உங்கள் தொலைக்காட்சியில் வெள்ளை அங்கி போட்டு மருந்து விற்பவர் டாக்டர் என்று உங்களிடம் யார் சொன்னார்கள்?

லாவோஸ் மலைகளிலிருந்து வந்து அமெரிக்காவின் ஃபிரெஸ்னோ நகரத்தில் குடியேறிய ஹ்மாங் மக்களிடமும் யாரும் சொல்லவில்லை. அங்கியைப் பார்த்து அவர்களே முடிவு செய்தார்கள். அங்கிக்குள் இருந்தவர் சூ லோர், பள்ளிப் பேருந்து ஓட்டுநர். சனிக்கிழமைகளில், டயர் கடை மாடியிலிருக்கும் குட்டித் தொலைக்காட்சி நிலையத்தில் ஹ்மாங் நிகழ்ச்சி நடத்துவார். நகர எல்லையைத் தாண்டினால் அந்த அலைவரிசை கிடைக்காது. தன் புகழும் அங்கேயே நின்றுவிடும் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

ஆவி, சகுனம் எதையும் நம்பாதவர் என்று அவருக்குப் பெயர். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. இவ்வளவு அறிவாளி, புத்தாண்டன்று பச்சை இடைக்கச்சை கட்டிக்கொண்டு பச்சைத் திரை முன்னால் போய் நின்றார். பச்சை இருக்குமிடமெல்லாம் பின்னணிப் படம் வந்துவிடும் என்பது நினைவில்லை. அவர் வயிறு இருக்கவேண்டிய இடத்தில் லாவோஸ் மலைகள் தெரிந்தன. நேரலை வேறு. ஆணியில் தொங்கியதை எடுத்து மாட்டிக்கொண்டார். முந்தைய ஸ்பானிஷ் நிகழ்ச்சிக்கு வந்த பல்மருத்துவர் மறந்துவிட்டுப் போன அங்கி அது. அப்படியே, நிகழ்ச்சியின் ஒரே விளம்பரதாரரும் தன் லோர் குலத்தவருமான டெங் லோரின் வேர்ப்பொடி விளம்பரத்தையும் வாசித்தார்: "சர்க்கரை நோய்க்கு இனி ஊசி வேண்டாம்!"

பொடி விற்பனை பறந்தது. "இனிமே அங்கியக் கழட்டாதடா தம்பி," என்றார் டெங். சூ கழற்றவில்லை. கண்ணாடியில் பார்த்தபோது தனக்கே நன்றாகத்தான் இருந்தது.

ஒருநாள் சூவின் அத்தை பிலியாவின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். அம்மா இன்சுலினை நிறுத்திவிட்டாள், கண் மங்குகிறது. சூ பதறிக்கொண்டு ஓடினார்.

"அத்தை, ஊசியப் போடு. பொடில ஒண்ணுமில்ல."

"டிவில டாக்டரா இருந்தப்ப வேணாம்னே. இப்ப டிரைவரா வந்து போடுங்கறே. நான் டாக்டர் பேச்சத்தான் கேப்பேன்."

"நான் டாக்டரே இல்ல அத்தை!"

"தன்னடக்கத்தப் பாரு!"

சூ டெங்கிடம் போனார். "அண்ணே, பொடி பொய்னு டிவில சொல்லப்போறேன்."

"ஒரே குலத்துக்காரன ஊர் பாக்க அசிங்கப்படுத்துவியா? பெரியவங்களக் கூட்டுவோம், பேசுவோம்."

"அதுவரைக்கும் அத்தை கண்ணு தாங்குமா? அவங்களும் லோர் வீட்டுல பொறந்தவங்கதானே?"

"கட்டிப்போனவ. இப்ப வேற குலம்."

ஒருத்தி கண்ணிழப்பதற்கும் குலக்கணக்கு! சூவுக்கு ரத்தம் கொதித்தது. அந்தச் சனிக்கிழமை கேமரா முன்னால் அங்கியைக் கழற்றிக் கீழே போட்டார். "நான் பஸ் ஓட்டறவன். நான் வித்தது பொய். ஊசிய நிறுத்தினவங்க இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

தொலைபேசி அடித்தது. நேரலையில் அத்தை.

"என்னடா உளர்றே? அங்கியப் போட்டுக்கிட்டுச் சொல்லு, கேக்கறேன்."

இவ்வளவு வீரமாகக் கழற்றியதைப் பகுத்தறிவாளர் குனிந்து எடுத்தார். தூசி தட்டி மாட்டிக்கொண்டார்.

"அத்தை, ஆஸ்பத்திரிக்குப் போங்க. அவங்க சொல்றபடி ஊசியப் போடுங்க."

"சரிங்க டாக்டர்."

அத்தை ஆஸ்பத்திரிக்குப் போனாள். டெங் விளம்பரத்தை நிறுத்தினார், நிகழ்ச்சியும் நின்றது. பொடி மட்டும் வேறொரு அலைவரிசையில், வேறொருவர் அங்கியில், இன்னும் விற்கிறது.

உங்கள் வீட்டிலும் யாராவது மருந்தை நிறுத்தியிருக்கலாம். இதை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்க் கேளுங்கள்.