சாட்சிப் பக்கத்தில் வந்த குதிரைக்காரர்

நான் எழுதியது கௌபாய் கதை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பிற்பாடு எத்தனை தடவை சொல்லியும் எடுபடவில்லை.

எங்கள் பங்குக் கோயிலிலிருந்து மாதம் ஓர் இதழ் வரும். பதினாறு பக்கம். பூசை நேரம், ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகளின் பட்டியல், சாமியார் எழுதும் கட்டுரை, கடைசிப் பக்கத்தில் செங்கல் சூளை விளம்பரம். ஒரு தொடர்கதை இருந்தால் சனங்கள் அதைப் பொட்டலம் மடிக்காமல் வைத்திருப்பார்கள் என்று சாமியாருக்குத் தோன்றியிருக்கிறது. என்னைக் கேட்டார். நான் பாகூர் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆய்வக உதவியாளன். அமிலக் குப்பிகளுக்குப் பெயர்ச்சீட்டு எழுதி ஒட்டுவதைத் தவிர எனக்கு எழுத்துப் பழக்கம் கிடையாது. ஆனால் முடிவெட்டும் கடையில் முறை வரக் காத்திருந்த காலமெல்லாம் படித்த கௌபாய் படக்கதைகள் மண்டைக்குள் அப்படியே கிடந்தன. "பழைய காலத்து அமெரிக்காவுல நடக்கற மாதிரி எழுதட்டுமா ஃபாதர்?" என்று கேட்டேன். "எழுதுங்க, ஆனா ஆண்டவர் வரணும்" என்றார்.

ஆண்டவரைக் கொண்டுவந்தேன். ஒரு குடும்பம் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு மேற்கே குடியேறப் போகிறது. வழியில் குடும்பத் தலைவனின் கால் சக்கரத்தில் நசுங்கி அழுகிவிடுகிறது. வைத்தியர் ரம்பத்தைக் கையில் எடுக்கிற நேரத்தில் தூசிக்குள்ளிருந்து ஒரு குதிரைக்காரர் வருகிறார். தொப்பியைக் கழற்றுகிறார், காலில் கை வைக்கிறார், போய்விடுகிறார். கால் பிழைக்கிறது. மண்ணில் பார்த்தால் குளம்படி ஒன்றுகூட இல்லை. நான் அமெரிக்காவையும் பார்த்ததில்லை, குதிரையை நெருங்கிப் பார்த்ததும் இல்லை. கோடையில் வறண்டு கிடந்த பாகூர் ஏரிதான் என் அமெரிக்கா. ஊர் எல்லையில் ஐயனாருக்கு நிற்கிற மண்குதிரைதான் என் குதிரை. என் மனைவி படித்துவிட்டு, "மாடு மேய்க்கறவன் கதைக்கு அமெரிக்கா இன்னாத்துக்கு? நம்ம ஊர்ல இல்லாத மாடா?" என்றாள்.

சாமியாரும் ஏறக்குறைய அதையேதான் நினைத்தார். எங்கோ இருக்கிற தேசம் நம் சனங்களுக்கு ஒட்டாது என்று சொல்லி, அமெரிக்கா வந்த இடங்களையெல்லாம் அடித்துவிட்டார். வாயில் நுழையாத பெயர்களையும் எடுத்துவிட்டார். அந்தக் குடும்பத் தலைவனே சொல்வதுபோல் "நான், நான்" என்று எழுதியிருந்தேன். கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: நாங்கள் வண்டி கட்டிக்கொண்டு மேற்கே போனோம், என் கால் அழுகியது, ஒருவர் குதிரையில் வந்தார். எங்கள் பக்கத்தில் மேற்கே என்றால் விழுப்புரம், செஞ்சி. யாரும் காலையில் போய் மாலையில் திரும்புகிற இடம்.

இது போதாதென்று, அந்த மாதம் சாட்சிப் பக்கத்துக்கு யாரும் எழுதித் தரவில்லை. ஆண்டவர் தனக்குச் செய்த அற்புதத்தை ஒருவர் தானே சொல்கிற பக்கம் அது. இதழுக்குப் பக்கம் அமைத்துக் கட்டுகிற பெண், இடம் காலியாக இருக்கிறதே என்று என் கதையைத் தூக்கி அங்கே போட்டுவிட்டாள். மேலே கொட்டை எழுத்தில் 'சாட்சி'. கீழே என் பெயர், என் ஊர்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததே என்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சாமியார் சிரித்தார். "அடுத்த மாசம் திருத்தம் போட்டுடலாம்" என்றார். நானும் விட்டுவிட்டேன். ஏன் விட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நாலைந்து பேர் வந்து என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒருவர் குனிந்து என் காலைப் பார்த்தார். இருபது வருடமாக அதே கோயிலுக்குப் போகிறேன், யாரும் என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை. உள்ளுக்குள் இனித்தது. "அது கதைங்க" என்று சொல்ல வாய் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை முற்பகலில், சோரியாங்குப்பத்தில் எங்கள் வீட்டை விசாரித்துக்கொண்டு ஓர் அம்மாள் வந்தார். ஐம்பது வயது இருக்கும். சுத்துக்கேணிப் பக்கம், கரும்பு வெட்டப் போகிற குடும்பம். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். இதழை நாலாக மடித்து இடுப்பில் செருகியிருந்தார். அதை எடுத்துக் காட்டினார்.

"இந்த சாட்சி எழுதனது நீங்கதான சார்?"

"அது சாட்சி இல்லம்மா, கதை."

"எனுக்கும் அப்பிடித்தான் தோணுச்சு" என்றார். "ரம்பத்த எடுக்கற நேரத்துக்குச் சரியா ஒருத்தரு குதிரயில வந்து எறங்குவாரா? அதெல்லாம் கதையிலதான் சார் ஆவும்."

எழுதியவன் என்ற முறையில் எனக்குச் சுருக்கென்றது. அவர் அதைக் கவனிக்கவில்லை. அவருடைய கவலை வேறு. கணவருக்குச் சர்க்கரை வியாதி. வெட்டிய வயலில் கரும்புக் கட்டை குத்தி, வலது கால் விரல் ஒன்று கறுத்துவிட்டது. விரலை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்ல, அவரும் தலையாட்டியிருக்கிறார். அந்த வாரம் பார்த்து, எங்கள் பங்கில் வாழ்க்கைப்பட்டிருக்கும் மகள் அப்பனைப் பார்க்க வந்தவள், இந்த இதழைக் கொண்டுவந்து படித்துக் காட்டியிருக்கிறாள்.

"அன்னிக்கி படுத்தவருதான் சார். எனக்கும் அந்தக் குதிரக்காரரு வருவாரு, வந்து கை வெப்பாருன்னு சொல்லிகினு இருக்கறாரு. ஊர் பூரா சொல்லிட்டாரு. கறுப்பு இப்ப மேல ஏறுது. நீங்க ஒரு எட்டு வந்து சொல்லணும்."

"திங்கட்கிழமை வரேம்மா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை விளங்கவில்லை. பயத்தில் வாய்க்கு வந்தது அதுதான். என் மனைவி அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். "காலு அழுவுதுன்னு சொல்றாங்க, நீங்க நாள் பாக்கறீங்களா? வண்டிய எடுங்க."

அந்த அம்மாளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு புறப்பட்டேன். வில்லியனூரில் மாதா கோயில் வந்ததும் நிறுத்தச் சொன்னார். இறங்கி, வாசலில் நின்றபடியே முக்காடு போட்டுக் கும்பிட்டார். திரும்பி வந்தவர் வண்டியில் ஏறவில்லை.

"சார், கதைன்னு சொன்னீங்கன்னா நம்ப மாட்டாரு. அந்தக் குதிரக்காரரு உங்களாண்ட வந்து, ஆசுபத்திரிக்குப் போவச் சொன்னாருன்னு சொல்லிடுங்க."

"மாதா கோயில் வாசல்ல நின்னுகிட்டுப் பொய் சொல்லச் சொல்றீங்களேம்மா."

"மாதாவுக்கும் வூட்டுக்காரரு இருந்தாருல்ல. புரியும் சார்."

முடியாது என்று சொல்லிவிட்டேன். ஏற்கெனவே ஒரு பொய்யால் வந்த வினை, அதன்மேல் இன்னொன்றா என்று கேட்டேன். கேட்டுவிட்டு வண்டியை எடுத்த பிறகு குழப்பமாகிவிட்டது. முதலில் சொன்னது பொய்யா? கதை எழுதும்போது பொய் சொல்கிறோம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. அந்தக் குதிரைக்காரர் தொப்பியைக் கழற்றும் இடத்தை எழுதியபோது நானே எழுந்து நின்றேன். அப்படியானால் பொய் எங்கே ஆரம்பித்தது, பக்கம் கட்டிய பெண்ணிடமா, சாமியாரின் பேனாவிலா, கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டபோது நான் பேசாமல் நின்றேனே அங்கேயா? யோசித்துக்கொண்டே ஓட்டியதில் சுத்துக்கேணிக்குத் திரும்புகிற இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். அந்த அம்மாள் முதுகில் தட்டித் திருப்பினார்.

அவருடைய கணவர் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். என்னைவிட மூத்தவர், அறுபது இருக்கும். நான் யார் என்று தெரிந்ததும் எழுந்து உட்கார்ந்து, "அவரப் பாத்தவரா!" என்று கைகூப்பினார்.

"நான் யாரையும் பாக்கலைங்க. அது நானா எழுதுன கதை."

அவர் சிரித்தார். "பயப்படாத சார்."

"என் கால் நசுங்கவே இல்லைங்க. நீங்களே பாருங்க" என்று கால்சட்டையை முட்டிவரை தூக்கிக் காட்டினேன். அவர் என் கணுக்காலைத் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "ஒரு தழும்புகூட இல்ல பாருடி" என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார்.

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "அந்த ஆளை எனக்குத் தெரியவே தெரியாதுங்க" என்று கத்தினேன்.

"ராயப்பரும் இப்பிடித்தான் சார், மூணு தரம் தெரியாதுன்னாரு. ஆண்டவரு கோச்சிக்கலயே. மோட்சத்து சாவிய அவராண்டதான குடுத்தாரு."

எங்கள் பழைய கத்தோலிக்கக் குடும்பங்களில் கோழி கூவுமுன் மூன்று தரம் ஆண்டவரை மறுதலித்த பேதுருவுக்கு இராயப்பர் என்றுதான் பெயர். நான் மறுத்ததை மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். சரியாக மூன்று. நல்லவேளையாகக் கோழி எதுவும் கூவவில்லை.

அவர் அசைந்தபோது காலில் சுற்றியிருந்த துணி விலகியது. மூன்று விரல்கள் கரிக்கட்டையாக இருந்தன. அந்த நாற்றத்தை நான் எழுதியிருக்கவே இல்லை. என் கதையில் கால் அழுகியதே தவிர நாறவில்லை.

"அவரு உங்கள ஆசுபத்திரிக்குப் போகச் சொன்னாருங்க."

சொன்னது நான்தான். என் வாய், என் குரல். ஆனால் சொல்ல வேண்டும் என்று நான் முடிவு செய்யவில்லை. அது எப்படி வந்தது என்று எவ்வளவோ யோசித்துவிட்டேன், பிடிபடவில்லை.

அவர் சிரிப்பதை நிறுத்தினார். "எப்ப சொன்னாரு?"

"இப்பதான். வர்ற வழியில."

"எந்த எடத்துல?"

"வில்லியனூர் தாண்டி."

"குதிர மேலயா?"

"குதிரை மேலதான்."

"இவளும் பாத்தாளா?"

நான் அந்த அம்மாளைப் பார்த்தேன். அவர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "நான் பின்னால ஒக்காந்து அந்தப் பக்கம் பாத்துகினு வந்தேன்" என்றார்.

"ஆட்டோ சொல்லுடி" என்றார் அவர். அவ்வளவுதான். இரண்டு வாரமாக மகள், டாக்டர், அக்கம்பக்கம் எல்லாரும் கெஞ்சியும் அசையாதவர் எழுந்து சட்டையை மாட்டினார்.

ஆசுபத்திரியில் டாக்டர் துணியைப் பிரித்துப் பார்த்தார். சொன்ன அன்றே வந்திருந்தால் ஒரு விரலோடு போயிருக்கும், இப்போது முட்டிக்குக் கீழே எடுத்தாக வேண்டும், இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் உயிருக்கே உத்தரவாதம் இல்லை என்றார். அந்த அம்மாளும் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பி நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. நீங்க போகலைன்னா ஆளே போயிருப்பாரு என்று மனைவி சொன்னாள். அது உண்மை. நான் எழுதாமல் இருந்திருந்தால் விரலோடு போயிருக்கும் என்பதும் உண்மை. செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சாமியார் திரைக்குப் பின்னால் பொறுமையாகக் கேட்டார். "எதைப் பாவம்னு சொல்ல வந்தீங்க, கதையையா, அங்க போய்ச் சொன்னதையா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. மாதாவை நோக்கி மூன்று மங்கள வார்த்தை செபம் சொல்லச் சொல்லி அனுப்பிவிட்டார். அடுத்த இதழில் செங்கல் சூளை விளம்பரத்துக்குக் கீழே ஒரு வரியில் திருத்தம் வந்தது. அதை ஒருவரும் படித்ததாகத் தெரியவில்லை. கதையை நான் அதற்குமேல் எழுதவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு பிற்பகலில் அவரைப் பார்க்கப் போனேன். சர்க்கரைக்காரருக்கு என்ன வாங்கிப் போவதென்று தெரியாமல் அரை கிலோ கொய்யாக்காய் வாங்கியிருந்தேன். அதே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வேட்டி ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. ஊன்றுகோல் இரண்டும் சுவரில் சாய்ந்திருந்தன. என்னைப் பார்த்ததும், "உன் காலு நல்லா இருக்குதா சார்?" என்று கேட்டார்.

குத்தலாகக் கேட்கவில்லை. நிசமாகவே விசாரித்தார். நான் தலையாட்டினேன். கொய்யாக்காய்ப் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டியே?" என்றார்.

"கேளுங்க."

"உன்னாண்ட வந்து கை வெச்சாரு. அன்னிக்கி வில்லியனூர் தாண்டியும் வந்தாரு. அங்கேர்ந்து எங்க வூடு எவ்ளோ தூரம் சார்? குதிரயில வந்தா எவ்ளோ நேரம் ஆவும்?" அவர் உதடு கோணியது. "உன்னாண்ட ரெண்டு தபா வந்தவரு என்னாண்ட ஏன் சார் ஒரு தபாகூட வரல? காலு போனாப் போவுது. நான் இன்னா பண்ணேன்னுதான் தெரியல. படுத்துகினே யோசிக்கறேன், தெரியல."

காலைத்தான் என் கதை கொண்டுபோயிற்று என்று நினைத்திருந்தேன்.

"அவரு என்கிட்டயும் வரலைங்க" என்றேன்.

இந்தத் தடவை அவர் இராயப்பரை இழுக்கவில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"அன்னிக்கி வழியில?"

"வரல."

"மொதல்ல?"

"மொதல்லயும் வரல. வரணும்னு சின்ன வயசுலேர்ந்து எத்தனையோ நாள் ஏங்கியிருக்கேன். எங்கம்மா சாகக் கெடந்தப்போ வாசலையே பாத்துகிட்டு இருந்தேன். ஒரு தடவகூட வந்ததில்லைங்க. அதனாலதான் எழுதினேனோ என்னமோ, எனக்கே தெரியல."

அவர் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். விசும்பல் சத்தம் கேட்டு அந்த அம்மாள் கொல்லைப் பக்கமிருந்து ஓடி வந்து, "இன்னா ஆச்சு?" என்றார்.

"ஒண்ணுமில்லடி" என்றார் அவர். "பாவம், சாராண்டயும் வரலியாம்."

சொல்லிவிட்டு, கையை ஊன்றிக் கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து, கால் இல்லாத பக்கத்தில் இடம் விட்டார். "இப்பிடி வந்து ஒக்காரு சார்."