வேனில் சிக்கிக்கொண்ட சிடி

என் மாமாவின் குழு வெளியிட்ட முதல் சிடியை முழுதாகக் கேட்ட முதல் ரசிகர்கள் பதினோரு பேர். அவர்களில் மூத்தவனுக்குப் பன்னிரண்டு வயது. கடைக்குட்டிக்கு இன்னும் ஷூ கயிறு கட்டத் தெரியாது. பதினொருவரில் நானும் ஒருத்தி. யாரும் விரும்பிக் கேட்கவில்லை. சிடி அம்மா ஓட்டிய பள்ளி வேனில் சிக்கிக்கொண்டது, அவ்வளவுதான்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில், பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வீட்டு மாடி அறையில்தான் தங்கியிருந்தார். தோள்வரை முடி வைத்திருந்ததால், பள்ளிக்கு அவர் என்னை அழைக்க வரும் நாள்களில் நான் பத்தடி முன்னால் நடப்பேன். அவரும் மூன்று நண்பர்களும் தமிழில் ஹெவி ராக் வாசித்தார்கள். ஸ்டூடியோவுக்குப் போக வழியில்லை. அதனால் எங்கள் வீட்டுப் பின்னறையில், மெத்தைகளையெல்லாம் சுவரில் சாய்த்து, துடைப்பக் கட்டையில் மைக்கைக் கட்டி, தாங்களே பதிவு செய்தார்கள். அந்த மூன்று வாரமும் நாங்கள் வெறுந்தரையில் பாய் போட்டுப் படுத்தோம். அம்மா வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே நால்வருக்கும் மீ கோரேங் நூடுல்ஸ் பிரட்டிப் போட்டார்.

"தகரத்த ரோட்டுல இழுத்துட்டுப் போற மாரி இருக்குடா தம்பி" என்பதுதான் அம்மா அந்த இசையைப் பற்றிச் சொன்ன ஒரே கருத்து.

சிடி வந்தது. அட்டையில் மாமாவே வரைந்த எருமை. பார்த்தவர்கள் அதை நாய் என்றார்கள். சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஆளுக்கொன்று கொடுத்தார். பெரியம்மா இரண்டு பாட்டைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாட்டு எப்பப்பா ஆரம்பிக்கும்?" என்று கேட்டார். மிச்சமிருந்தவை ஒரு பெட்டியில் மாடிப்படிக்கு அடியில் போய் உட்கார்ந்தன. அத்தோடு டிரம்ஸ் வாசிப்பவருக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டது. யாருமே கேட்காத பாட்டுக்கு எதற்கு இவ்வளவு பாடு, மாதக் கடைசியில் டிரம்ஸை விற்றுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார். அவர் போனால் குழு இல்லை. மாமா சரியாகச் சாப்பிடுவதை நிறுத்தினார். தட்டை அளைந்துவிட்டு எழுந்துபோகும் தம்பியை அம்மா திட்டக்கூட இல்லை.

அடுத்த திங்கட்கிழமை காலை, வழக்கமான பிள்ளையார் பாட்டை எதிர்பார்த்து ஏறியவர்களை மாமாவின் கித்தார் வரவேற்றது. பின்சீட்டு இரட்டையர்கள் "அலமாக்!" என்று காதைப் பொத்திக்கொண்டார்கள். சும்மா ஒருதடவை போட்டுப் பார்த்ததாகவும், சிடி உள்ளே சிக்கிக்கொண்டதாகவும் அம்மா சொன்னார். ரேடியோவும் எடுக்கவில்லையாம். வெளியே தள்ளும் பட்டனை அமுக்கினால் உள்ளே ஏதோ அறுந்துவிடும் என்று வேனைப் பழுதுபார்க்கும் வொர்க்‌ஷாப் போமன் சொன்னாராம். அதனால் யாரும் அதைத் தொடக்கூடாது. நான் அந்தப் பட்டனை ஏதோ மின்சாரக் கம்பியைப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

அணைத்து வைக்கலாம்தான். ஆனால் தினமும் அழுதுகொண்டே ஏறும் கடைக்குட்டி, அன்று வாயைத் திறந்தபடி அழுகையை மறந்துவிட்டான். அணைத்தால் மறுபடி ஆரம்பித்தான். "பாத்தீங்கல்ல, நான் என்ன பண்ண?" என்றார் அம்மா.

ஒரு வாரத்தில் எங்களுக்கு எல்லாப் பாட்டும் மனப்பாடம். நான்காவது பாட்டின் கடைசியில், எல்லாம் அடங்கிய அமைதியில், தெருவில் போன ரொட்டிக்காரரின் மோட்டார் சைக்கிள் ஹாரன் பதிவாகியிருந்தது. மாமாவுக்கு அது தீராத அவமானம். வேனுக்கோ அதுதான் உச்சக்கட்டம். ஹாரன் வருவதற்கு முன்பே பதினோரு பேரும் மூச்சைப் பிடித்துக் காத்திருந்து, "ரொட்டி!" என்று கத்துவோம். சிக்னலில் பக்கத்தில் நிற்கும் கார்க்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

இதைக் கேள்விப்பட்ட மாமா என்னிடம் ஒரு பள்ளி நோட்டைக் கொடுத்தார். "எல்லார்கிட்டயும் கேட்டு எழுது பாப்பா. என் மாமாதானேன்னு கூட்டிக் கொறச்சி எழுதிடாத." நான்காம் ஆண்டு வகுப்புத் தலைவியாகிய நான் அதை அரசாங்க வேலைபோல் எடுத்துக்கொண்டேன். இரட்டையர்கள், சத்தம் அதிகம், ஆனால் வேன் வேகமாகப் போவதுபோல் இருக்கிறது என்றார்கள். கண்ணாடி போட்ட ஒருத்தி, பாடுகிறவரை யார் திட்டினார்கள், ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டாள். ஆனால் கடைசிப் பாட்டில் அவருக்காக அழுகை வருகிறதாம். கடைக்குட்டிக்கு ரொட்டிப் பாட்டு மட்டும் போதும். ஆறாம் ஆண்டுப் பையன் ஒருவன் கோயிலில் உறுமி மேளம் அடிப்பவன். அவன் நிறைய யோசித்துவிட்டுச் சொன்னதை அப்படியே எழுதினேன்: "டிரம் அடிக்கிற அண்ணன் நடுவுல அவசரப்படுறாரு. ஆனா அடி நல்லாருக்கு, நெஞ்சுல விழுது."

எல்லாருக்கும் இது பிடித்துவிடவில்லை. ஓர் அண்ணன் தங்கையின் அம்மா, காலையில் சாமி பாட்டு கேட்டுப் போன பிள்ளைகள் இப்போது உறுமிக்கொண்டு போகிறார்கள் என்று வாசலில் நின்று சண்டைக்கு வந்தார். "சிக்கிக்கிச்சு லா அக்கா, எடுக்க வரல" என்று அம்மா கெஞ்சாத குறையாகச் சொன்னார். மறுவாரம் அந்த இரண்டு பிள்ளைகளும் வேறு வேனுக்குப் போனார்கள். அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறியது. ஞாயிற்றுக்கிழமை ஸ்குரு டிரைவரோடு வேனுக்குள் ஏறியவரை அம்மா கையைப் பிடித்து இறக்கிவிட்டார். "வயரு கியரு போச்சுன்னா யாரு பாக்குறது? நீங்க சும்மா இருங்க!" பிழைப்பில் மண் போடுகிற அந்த சிடியை ஏன் பிடுங்கி எறிய விடவில்லை என்று எனக்கு அம்மாமேல் எரிச்சலாக வந்தது.

மாதக் கடைசிக்கு நான்கு நாள் இருந்தபோது, மாமா அந்த நோட்டை நண்பர்களுக்குப் படித்துக் காட்டினார். "அவசரப்படுறாரு" என்ற இடத்தில் டிரம்ஸ் அண்ணன் எழுந்துபோய்விட்டார். விஷயம் முடிந்தது என்று நினைத்தோம். மறுநாள் பள்ளி வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். கையெல்லாம் பச்சை குத்தியவரைப் பார்த்து, நீங்கள் யாருடைய அப்பா என்று காவலர் இரண்டு முறை விசாரித்தார். அவர் நேராக எங்கள் வேனுக்கு வந்து, ஆறாம் ஆண்டுப் பையனிடம் கேட்டார்.

"எந்த எடத்துலடா அவசரப்படுறேன்?"

பையன் பயப்படவில்லை. அம்மா பாட்டைப் போட, அவன் வேன் கதவில் இரண்டு கையாலும் தட்டிக் காட்டினான். டிரம்ஸ் அண்ணன் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு அவரும் பக்கத்தில் நின்று தட்டினார். மூன்றாவது முறை இருவரும் ஒன்றாக வந்து விழுந்தபோது எங்களுக்கெல்லாம் மயிர் கூச்செறிந்தது. வெயிலில் வியர்வை வழிய நின்ற அந்த மனிதர் சிரித்தார். அந்த மாதம் டிரம்ஸ் விற்கப்படவில்லை. சிங்கப்பூர் வேலைக்குப் போனார். சனிக்கிழமைதோறும் பாலத்தைத் தாண்டி வந்து வாசித்துவிட்டுப் போனார்.

குழு இன்றும் இருக்கிறது. அடுத்தடுத்த பாட்டுகளை நல்ல ஸ்டூடியோவில் சுத்தமாகப் பதிவு செய்தார்கள். ஆனாலும் இணையத்தில் ரசிகர்கள் கொண்டாடுவது பின்னறையில் பிறந்த அந்த முதல் தொகுப்பைத்தான். முரட்டுத்தனம் என்கிறார்கள், உயிர் என்கிறார்கள், இப்படி இனி யாராலும் செய்ய முடியாது என்கிறார்கள். நான்காம் பாட்டின் ஹாரனுக்கு நகர வாழ்வின் தனிமை என்று ஒருவர் விளக்கம் எழுதியிருந்தார். படித்துவிட்டு மாமாவும் நானும் போனிலேயே "ரொட்டி!" என்று கத்தினோம். எனக்கும் அந்தத் தொகுப்பென்றால் உயிர். இப்போதெல்லாம் மாமாவுக்குப் பக்கத்திலேயேதான் நடக்கிறேன்.

அந்த ஆண்டின் கடைசிப் பள்ளி நாள் மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளையும் இறக்கிவிட்டு வீட்டு வாசலில் வேனை நிறுத்தினோம். அம்மா உடனே இறங்கவில்லை. கடைசிப் பாட்டு முடியும்வரை ஸ்டீரிங்கில் விரலால் தாளம் தட்டிக்கொண்டிருந்தார். முடிந்ததும், நாங்கள் யாரும் தொடவே கூடாத அந்தப் பட்டனை ஒரு விரலால் அமுக்கினார். சிடி வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அதைச் சேலை முந்தானையில் துடைத்து, எருமைப் படம் போட்ட உறைக்குள் வைத்தார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிளேயர் தானாகவே சரியாகிவிட்டது என்று அப்பாவிடம் முதல் ஆளாகச் சொல்ல, செருப்பைக்கூடப் போடாமல் வீட்டுக்குள் ஓடினேன்.