அவசரம் இல்லை என்று சொன்னேன்

நான் எழுத உட்கார்ந்ததே அதிகப்பிரசங்கித்தனம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பத்தாவது வரை படித்தவள். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் வீட்டு வாசல்களில் ஒட்டியிருக்கும் அட்டையில் தேதியும் கையெழுத்தும்தான். நாலு பேர் இருக்கிற இடத்தில் பேசச் சொன்னால் எனக்கு வாய் வராது. ஆனால் ஒரே ஒரு வார்த்தையைச் சொல்லி ஒரு வீட்டுக்குத் தீங்கு செய்துவிட்டேன். வேறு யாராவது இதைச் சொன்னால் என் பக்கமோ அந்த வீட்டுப் பெண் பக்கமோ கொஞ்சம் சாய்ந்துவிடும். அதனால் நானே எழுதுகிறேன்.

கர்நாடக எல்லைக்கு இந்தப் பக்கம், தொழிற்சாலைகளுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். ஊராட்சியாக இருந்து வளர்ந்து நகராட்சி ஆகிவிட்டது. அதில் எனக்கு ஒப்பந்த வேலை, கொசு மருந்து ஊற்றுவது. வீடு வீடாகப் போய்த் தொட்டி, டிரம், பழைய டயர், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் எல்லாம் பார்க்க வேண்டும். புழு இருந்தால் மருந்து ஊற்றி, வாசல் அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். எல்லா வீட்டுக்கும் எப்படியும் போகிறவள்தானே என்று, ஊருக்குச் சொல்ல வேண்டிய செய்தியையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். என்றைக்குத் தண்ணீர் வரும், எந்தத் தெருவில் குழாய் உடைந்திருக்கிறது, நாய்களுக்கு ஊசி போடுகிற வண்டி எப்போது வரும், வரி கட்ட எது கடைசி நாள், எல்லாம். வாரம் ஒரு தாள் கொடுப்பார்கள். அதையே படம் பிடித்து வார்டு வாட்ஸப் குரூப்பிலும் போடுவார்கள். காலை வணக்கம் படங்களுக்கு நடுவில் அது மூழ்கிவிடும். யாரும் படிப்பதில்லை.

படித்தாலும் புரியாது. 'உரிய ஆவணங்களுடன் நேரில் ஆஜராகிப் பயன்பெறுமாறு' என்று இருக்கும். நான் அதை 'ரேஷன் கார்டு, ஆதாரு எடுத்துக்கினு வாங்க' என்று மாற்றிச் சொல்வேன். எங்கள் வார்டில் மேல் தெருவில் தமிழ் பேசுகிறவர்கள். அடுத்த தெருவில் கன்னடம். கால்வாய் ஓரத்து ஷீட் வீடுகளில் முக்கால்வாசி தெலுங்கு. வாடகை ரூம்களில் கம்பெனி வேலைக்கு வந்த வடக்கத்திப் பையன்கள், அவர்களிடம் கையைக் காட்டியே பேசிக்கொள்வேன். நான் ஊத்தங்கரைப் பக்கம் பிறந்தவள். கல்யாணமாகி இங்கே வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கன்னடம் பாதி புரியும், தெலுங்கு கால்வாசி. மிச்சத்துக்குப் புரிந்த மாதிரி தலையாட்டக் கற்றுக்கொண்டேன். அந்தப் பழக்கம்தான் என்னைக் கெடுத்தது என்று இப்போது நினைக்கிறேன்.

கூச்சத்தில் ஆளைப் பார்க்காமல் தொட்டியைப் பார்த்துக்கொண்டே செய்தி சொல்வேன். பெண்கள் கேலி செய்வார்கள். "மருந்தக்கா வந்தாச்சு, இன்னைக்குத் தொட்டிக்கு என்ன நியூஸ்?" என்பார்கள். நானும் சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன்.

போன மழையில் கால்வாய் பொங்கி ஷீட் வீடுகளுக்குள் தண்ணீர் போனது. கம்பெனிகளிலிருந்து வரும் நுரையும் சேர்ந்து வந்தது. அதன் பிறகு கால்வாயை அகலப்படுத்தப் போவதாகவும், ஓரத்தில் இருக்கிறவர்களுக்கு அடுக்குமாடியில் வீடு கொடுக்கப் போவதாகவும் தாள் வந்தது. மூன்று நாள் முகாம். வந்து காகிதம் காட்டிப் பெயரைப் பதிந்துகொள்கிறவர்களுக்குத்தான் மாற்று வீடு. பதியாதவர்களுக்கு இடிக்கும்போது ஒன்றும் கிடையாது. தாளில் இவ்வளவு வெளிப்படையாக இல்லை, எங்கள் சூப்பர்வைசர் விளக்கிச் சொன்னதை நான் வீடு வீடாகச் சொன்னேன்.

நான் சொல்கிற பெண் கால்வாய் வரிசையில் கடைசி வீட்டில் இருந்தாள். கல்வெர்ட்டுக்கு, அதாவது கால்வாயின் சின்னப் பாலத்துக்கு, மேல்பக்கம், கொஞ்சம் மேடான இடம். புருஷன் இறந்துவிட்டான். பன்னிரண்டாவது படிக்கிற மகள் ஒருத்தி. ஒரு கம்பெனி கேண்டீனில் பாத்திரம் கழுவும் வேலை, காலை ஷிப்ட். வீட்டில் தெலுங்கு. வெளியே நன்றாகத் தமிழ் பேசுவாள், நடுநடுவே அவள் வார்த்தைகள் விழும். மேட்டில் இருக்கிற வீட்டை எடுக்க மாட்டார்கள் என்று அந்த வரிசையில் ஒரு பேச்சு இருந்தது. அது எனக்கு அப்போது தெரியாது.

முகாம் தொடங்குகிற நாள் காலையில் குழாயடியில் அவளைப் பார்த்தேன். குடத்தை இடுப்பில் வைத்தபடி, கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நடந்துகொண்டே கேட்டாள்.

"அக்கா, அந்த கேம்புக்கு நானு வர்றது அவசரமா?"

மூன்று நாள் இருக்கிறது. இன்றைக்கே லீவு போட்டால் கேண்டீனில் திட்டுவார்கள். பாவம், வேலைக்குப் போகட்டும் என்றுதான் நினைத்தேன்.

"அவசரம் இல்லம்மா, நீ வேலைக்குப் போ" என்றேன்.

அவள் முகம் தெளிந்துவிட்டது. 'சரிக்கா' என்று சிரித்துவிட்டுப் போனாள். ஒரு நல்ல வார்த்தை சொன்ன திருப்தியில் நானும் தொட்டி பார்க்கப் போனேன்.

முகாமில் டோக்கன் கொடுக்க என்னைத்தான் உட்கார வைத்தார்கள். இரண்டாம் நாள் அவள் வரவில்லை. ஷிப்ட் முடிந்து வருவாள் என்று இருந்தேன். மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு நடை போய்ப் பார்த்தேன். வீடு பூட்டியிருந்தது. கம்பெனி கேட் வரை போய் செக்யூரிட்டியிடம் கேட்டு அவளை வெளியே கூப்பிட்டிருக்கலாம். அந்தக் கேட்டில் எப்போதும் ஆண்கள் கூட்டமாக நிற்பார்கள். கூச்சப்பட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன். பக்கத்து வீட்டிலாவது சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அதையும் செய்யவில்லை.

பத்து நாள் கழித்து வார்டு அலுவலகச் சுவரில் பட்டியலை ஒட்டினார்கள். அவள் வீட்டு எண் இல்லை. அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் புதுக் கதவு நின்றது. பெயிண்ட் வாசனை போகவில்லை. உள்ளே பின்சுவருக்குப் புது ஷீட் அடித்திருந்தாள். ஏன் முகாமுக்கு வரவில்லை என்று கேட்டேன்.

"நீதானேக்கா சொன்னே, அவசரம் லேதுன்னு."

"ஆமா, அவசரம் இல்லைன்னுதான் சொன்னேன். அதுக்குன்னு வராமயே இருந்துடறதா?"

"அவசரம் இல்லைன்னா எதுக்கு வரணும்?"

மறுபடியும் நான் சொன்னதையே சொன்னேன், அவளும் சொன்னதையே சொன்னாள். இரண்டு பேரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். சத்தம் கேட்டு எதிரில் டீக்கடை வைத்திருப்பவர் வந்தார். அத்திப்பள்ளிப் பக்கத்துக் கன்னடக்காரர், மூன்று மொழியும் தெரிந்தவர். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னிடம் சொன்னார்.

"ஏம்மா, உங்க அவசரம் வேற, அவங்க அவசரம் வேற. தெலுங்குல அவசரம்னா தேவை. வரவே தேவையில்லைன்னு நீ சொன்னதா அந்தம்மா எடுத்துக்கிச்சு. நம்ம அவசரத்துக்கு அவங்க தொந்தரன்னு சொல்லுவாங்க. எங்க ஆளுங்ககிட்ட தொந்தரன்னா தொல்லை. இந்த ஊர்ல பேசாம இருந்தாத்தான் ஒருத்தருக்கொருத்தர் புரியும்."

அவருக்கு அது வேடிக்கை. அவளுக்குப் புரிந்ததும் கையைக் கதவின் மேல் வைத்துக்கொண்டு நின்றாள். என்னைத் திட்டவில்லை. மேட்டு வீட்டை எடுக்க மாட்டார்கள் என்பதை ஆபீசே சொல்லிவிட்டதாக நினைத்து, அந்த நம்பிக்கையில்தான் கதவு போட்டதாகச் சொன்னாள். மகள் உள்ளே புத்தகத்தை மூடிவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன். கெட்ட மனுஷர் இல்லை. பட்டியல் மேலே போவதற்குள் ஆட்சேபம் கொடுக்கலாம், ஆனால் தானாக வராதவர்களைச் சேர்க்க மாட்டார்கள், தகவல் சொன்னதில் தவறு என்று இருந்தால்தான் பார்ப்பார்கள் என்றார். தவறு என்று எழுதினால் யார் தவறு என்றும் எழுத வேண்டும். அப்புறம் குரலைத் தாழ்த்தி, நீ நிரந்தர ஆள் இல்லை, ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரம் இது, குரூப்பிலும் போட்டாயிற்று, பேசாமல் இரு என்று சொன்னார். என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் தொழிற்பேட்டையில் பிட்டர். வேலையை விட்டு அனுப்பினால் வேறு எவன் உனக்குக் கொடுப்பான் என்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, 'உனக்கு எது தோணுதோ செய்' என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார். அந்த வாரம் அவள் வீட்டு வாசல் அட்டையில் கையெழுத்துப் போட்டபோது எனக்கு எழுத்துக் கோணியது.

வெள்ளிக்கிழமை பகுதி சபைக் கூட்டம். நகராட்சிப் பள்ளி வராந்தாவில் நாற்காலி போட்டு, கவுன்சிலர், பொறியாளர் அம்மா, வார்டு ஜனங்கள் எல்லோரும் வருவார்கள். செய்தித் தாளை வழக்கமாக சூப்பர்வைசர்தான் படிப்பார். அன்றைக்குத் தொண்டை சரியில்லை என்று என்னிடம் நீட்டினார். நிஜமாகவே தொண்டைதானா, என் வாயாலேயே சொல்ல வைத்து முடித்துவிட நினைத்தாரா என்று எனக்கு இன்றும் தெரியாது.

மைக்கைப் பிடித்தேன். என் மூச்சுச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. அவள் பின்வரிசையில், கேண்டீன் யூனிபார்மோடு, மகளுடன் உட்கார்ந்திருந்தாள். தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் படித்தேன். கெலவரப்பள்ளி அணைப் பக்கத்திலிருந்து வரும் தண்ணீர் பற்றி, தெருவிளக்கு பற்றி, மாடுகளைத் தெருவில் விடக் கூடாது என்பது பற்றி. கடைசியில் முகாம். 'மேற்படி முகாம் குறித்து வீடு வீடாகச் சென்று அனைவருக்கும் உரிய முறையில் தெரிவிக்கப்பட்டது' என்று இருந்தது.

பாதி வரை படித்துவிட்டேன். 'அனைவருக்கும்' வந்ததும் நின்றுவிட்டேன். மைக் சரியில்லை என்று நினைத்து யாரோ வந்து ஒயரைத் தட்டிப் பார்த்தார்.

"இது சரியில்லைங்க" என்றேன். "கல்வெர்ட்டுக்கு மேல இருக்கிற கடைசி வீட்டுக்கு நான் தப்பாச் சொல்லிட்டேன்."

அப்புறம் எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. முன்னும் பின்னுமாகச் சொல்லியிருப்பேன். அவசரம் என்ற இடம் வந்தபோது தெலுங்கு பேசுகிறவர்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு, தமிழ் பேசுகிறவர்கள் பக்கம் சிரிப்பு. 'மருந்தக்கா மருந்தை மாத்திக் குடுத்துட்டாங்கப்பா' என்று ஒருவர் சொன்னார், இன்னும் சிரித்தார்கள். சூப்பர்வைசர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கவுன்சிலர் சமாதானமாகத்தான் கேட்டார். "சரிம்மா, ஒரு வார்த்தை. அதுல என்ன இருக்கு?"

அவள் எழுந்து நின்றாள். "என் வீடு இருக்குது சார்."

சிரிப்பு நின்றது. பொறியாளர் அம்மா என்னை அருகே கூப்பிட்டு, சொன்னதை அப்படியே எழுதிக் கொடுக்க முடியுமா, எழுதினால் உங்கள் பெயரில்தான் போகும், தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். வேறு காகிதம் இல்லாததால் அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே எழுதினேன். நின்றுகொண்டு, பள்ளிக்கூடத்து ஜன்னல் விளிம்பில் வைத்து எழுதினேன். 'அவசரம்' என்ற வார்த்தையை எழுதி, அதன் இரண்டு அர்த்தத்தையும் எழுதி, நான் எந்த அர்த்தத்தில் சொன்னேன், அவள் எப்படி எடுத்துக்கொண்டாள் என்பதையும் எழுதினேன். அவளைச் சாட்சியாகக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அவள் தெலுங்கில் போட்டாள்.

கூட்டம் கலைந்ததும் பள்ளிக்கூட கேட் அருகில் எனக்காக நின்றிருந்தாள். நன்றி சொல்லவில்லை. சொல்லும்படி நானும் ஒன்றும் செய்துவிடவில்லை. இதனால் வீடு கிடைத்துவிடுமா என்று மட்டும் கேட்டாள். கிடைக்கும் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. பயந்து நிறுத்திக்கொண்டேன். எனக்குத் தெரிந்த கொஞ்சம் தெலுங்கில், "தெலீது" என்றேன். தெரியாது என்பதற்கு அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அவள் தலையை ஆட்டிவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் காலை பதினோரு மணிக்குச் சுவரில் இருந்த பட்டியலின் அடியில் அவள் வீட்டு எண்ணைப் பேனாவால் எழுதி, பக்கத்தில் 'பரிசீலனையில்' என்று போட்டார்கள். எனக்கு வேறு வார்டு போட்டுக் கொடுத்தார்கள். செய்தி சொல்லும் வேலை கிடையாது, மருந்து மட்டும் ஊற்றினால் போதும் என்றார்கள்.