பாய் கடையின் எழுத்து அட்டை

போன வாரம் மேற்குத் தாம்பரத்தில் புதிதாகத் திறந்திருக்கும் கண்ணாடிக் கடைக்கு மகள் என்னை அழைத்துப் போனாள். குளிரூட்டிய அறை. வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண், என் முகவாயை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி, "உள்ளே பலூன் தெரியுதா அங்கிள்? அதையே பாருங்க" என்றாள். மங்கலாக இருந்த பலூன் தானாகவே தெளிந்தது. இயந்திரம் ஒரு துண்டுச் சீட்டைத் தள்ளியது. பிறகுதான் எழுத்து வரிசை வந்தது, சுவரில் இருந்த திரையில். மூன்று வரி படித்ததும் அவள் ஒரு பொத்தானை அழுத்த, எழுத்துகள் எல்லாம் இடம் மாறிவிட்டன.

"ஏம்மா மாத்திட்டே?"

"மனப்பாடம் பண்ணிடுவாங்க அங்கிள்" என்று சிரித்தாள்.

மகளும் சிரித்தாள். நான் மட்டும் சிரிக்கவில்லை. அறுபதுகளின் பின்பாதியில், இதே மேற்குத் தாம்பரத்தில், நான் ஓர் எழுத்து அட்டையைக் காப்பி எடுத்திருக்கிறேன்.

அப்போது இங்கே இருந்தது ஒரே கண்ணாடிக் கடை. பாய் கடை என்றால் எல்லோருக்கும் தெரியும். கண்ணைச் சோதிக்க இருபது அடி தூரம் வேண்டும்; கடையின் நீளமோ அதில் பாதி. அதனால் அட்டை கடையின் முன்சுவரில் தொங்கும். பார்க்கிறவர் பின்வாசலைத் தாண்டி, கொல்லையில் முருங்கை மரத்தடியில் உட்கார வேண்டும். கனமான சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி, நீல வெல்வெட் பெட்டியிலிருந்து கண்ணாடிச் சில்லுகளை மாற்றி மாற்றிச் செருகி, "இது நல்லாக்குதா, அது நல்லாக்குதா?" என்று பாய் கேட்பார். முருங்கைப்பூ மடியில் உதிரும். மழைக்காலத்தில் கண் பரிசோதனை கிடையாது.

அந்தப் பெட்டியைத் திறந்ததும் ஒரு வாடை வரும், ஸ்பிரிட்டும் பழைய தோலும் கலந்த மாதிரி. அதை நினைத்தால் அத்தானின் முகம்தான் வருகிறது.

அத்தான் என் அக்காவின் கணவர். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓட்டிய மோட்டார்மேன். கிழக்குத் தாம்பரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் அவர்களோடுதான் நானும் இருந்தேன். பட்டணத்தில் ஒரு பத்திரிகையில் புரூஃப் ரீடராகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. உலகத்தில் உள்ள பிழைகளையெல்லாம் நான்தான் பிடிக்கப் போகிறேன் என்ற நினைப்பில் இருந்தேன்.

அத்தானுக்கு ஒரு பழக்கம். தண்டவாளத்து ஓரமாக நடக்கும்போது, "மச்சான், அந்த சிக்னல் என்ன சொல்லுது?" என்பார். விளையாட்டு என்று நினைத்துப் பல நாள் பதில் சொல்லியிருக்கிறேன். ஒருநாள் சிக்னல் எங்களுக்கு வெகு பக்கத்தில் இருந்தது. அப்போதும் கேட்டார். அன்றிலிருந்து அது எனக்கு விளையாட்டாக இல்லை.

ரயில்வே டாக்டரிடம் கண் பரிசோதனைக்கு வரச்சொல்லி அவருக்கு அந்த மாதமே ஓலை வந்தது. பாய் கடைக்குப் போனோம். எங்களைப் பார்த்ததும் பாய் ரயில்வேக்காரர்கள் எல்லோரிடமும் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

"இன்னா மோட்டார் சார், கண்ணு பாக்கணுமா, மனப்பாடம் பண்ணணுமா?"

"முதல்ல பாருங்க பாய்."

பாய் நெடுநேரம் சில்லுகளை மாற்றினார். பிறகு பெட்டியை மூடினார்.

"சோத்துக்கை பக்கத்துக் கண்ணும் மங்கலாத்தான் கீது சார். இன்னொண்ணு ரொம்ப பேஜார் பண்ணுது. எந்தக் கண்ணாடிக்கும் அடங்க மாட்டேங்குது. உள்ள பூ விழுந்துகினு கீது. பெரிய டாக்டராண்ட காட்டுங்க."

"காட்டினா வண்டியை விட்டு எறக்கிடுவாங்க பாய்."

பாய் சில்லுகளைத் தோலால் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அட்டை அங்கதான் தொங்குது. டாக்டராண்ட கீறதும் இதே அட்டைதான். எழுதிக்கினு போங்க. எனுக்கு இன்னா? நான் பட்டணம் போனா பஸ்லதான் போறது."

அக்காவுக்கு விஷயம் தெரிந்ததும் வீட்டில் ஜெபம் நீண்டது. "வண்டி இல்லாம இந்த மனுஷன் எதுக்குடா ஆவார்? ஆபீஸ்ல உக்காந்து பேப்பர் கட்டுவாரா? நீ போய் எழுதிட்டு வா" என்றாள். எழுதிக்கொண்டு வந்தேன். இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம், மேலிருந்து கீழ், ஓர் எழுத்து விடாமல். அட்டையின் அடியில் எறும்பு மாதிரி ஒரு வரி இருந்தது: 'பிரிண்டெட் இன் இங்கிலாந்து.' அச்சிட்ட இடத்தைச் சொல்லும் வரியை விட்டுவிடாதே என்பது எங்கள் ஆபீசில் முதல் நாள் பாடம். மற்ற வரிகளைப் போலவே, இடைவெளி இல்லாமல் தனித்தனி எழுத்தாக அதையும் எழுதினேன்.

தினமும் மாலை, டூட்டி முடிந்து அவர் காப்பி குடித்ததும் ஆரம்பிப்போம். நான் வரி எண்ணைச் சொல்வேன், அவர் எழுத்துகளைச் சொல்வார். ஆபீசில் ஒருவர் மூலத்தைப் படிக்க மற்றவர் அச்சைத் திருத்துவோமே, அதே முறை. அக்கா உள்ளேயிருந்து, "ஆறாவது வரியில தடுமாறினார், திரும்பக் கேளு" என்பாள். அவளுக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது.

பரிசோதனைக்கு மூன்று நாள் முன்பு நடந்ததை இன்றும் என்னால் சாதாரணமாகச் சொல்ல முடியவில்லை. காலையில் அத்தான் ஓட்டும் வண்டியில்தான் வேலைக்குப் போவேன், முதல் பெட்டியில். சானடோரியம் ஸ்டேஷன் தாண்டி, வழக்கமாக வேகம் குறையும் இடத்தில் குறையவில்லை. ஜன்னலில் குரோம்பேட்டை பிளாட்பாரம் ஓடியது. நின்றிருந்தவர்களின் முகங்கள் பின்னால் போயின. பிறகு ஒரே இழுப்பாகப் பிரேக். ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். எங்கள் பெட்டி முழுக்க பிளாட்பாரத்தைத் தாண்டி, ஜல்லிக்கு மேலே நின்றது.

"இன்னாபா, டிரைவர் தூங்கிகினு ஓட்டுறாரா?" என்றான் ஒருவன்.

கூடைக்காரம்மா ஒருத்தி கதவில் நின்று கீழே பார்த்து, "எறங்க ஏணி போடுவானா அவங்கப்பன்?" என்றாள். பெட்டி முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயம்.

அத்தான் தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்தார். நானும் ஜன்னலில் தலை நீட்டியிருந்தேன். என் முகம் அவருக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது.

"பிரேக் சரியில்லை" என்றார் வீட்டில். அக்கா நம்பினாள். அன்று மாலை காப்பி வந்தது. அவர் என்னைப் பார்த்தார். நாளையும் மறுநாளும் அந்த வண்டியில் ஏறப்போகிற எத்தனையோ பேரில் நானும் ஒருவன். வேண்டாம் அத்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "மூணாவது வரி" என்றேன்.

பரிசோதனை நாளில் அரைநாள் லீவு போட்டுக் கூடப் போனேன். உள்ளே விடவில்லை. கதவு ஒருக்களித்திருந்தது, பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். வலது கண் முடிந்தது. அதை மூடிவிட்டு இடது கண்ணைச் சோதித்தார்கள். டாக்டர் ஒவ்வொரு வரியாகக் கேட்டார். அத்தான் ஒரு தடுமாற்றம் இல்லாமல் சொன்னார்.

"போதும், மிஸ்டர்" என்றார் டாக்டர்.

அத்தான் நிறுத்தவில்லை. "பி, ஆர், ஐ, என், டி..." என்று போய்க்கொண்டே இருந்தார். கடைசி எழுத்துவரை நிதானமாகச் சொன்னார்.

டாக்டர் பேனாவை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"அந்த வரியை நான் பூதக்கண்ணாடி வெச்சுத்தான் படிக்கணும்" என்றார் டாக்டர். "நீங்க இங்கேருந்து படிக்கிறீங்க. சரி, என் கையைப் பாருங்க. எத்தனை விரல்?"

பதில் வரவில்லை. யாரோ எழுந்து கதவைச் சாத்தினார்கள்.

அத்தான் அதற்குப் பிறகு வண்டி ஓட்டவில்லை. பணிமனையில் வருகைப் பதிவேட்டு மேசையில் போட்டார்கள். அக்கா என்னுடன் ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசியபோது சொன்னது இது: "ஒரு புள்ளியை விட மாட்டியேடா நீ! பேப்பர்காரப் புத்தி. அந்த ஒரு வரியை விட்டிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்?" எனக்கும் அதே கேள்விதான். ஒரு மனிதனின் வேலையை என் பென்சில் பறித்துவிட்டது என்று பல வருஷம் நம்பினேன். அந்தக் குற்ற உணர்வில் கொஞ்சம் பெருமையும் கலந்திருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்ளலாம்.

எழுபதுகளின் நடுவில் அவர் ஓய்வு பெற்றபின் ஒரு சாயங்காலம். இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் முடிந்து, சோடாபுட்டிக் கண்ணாடியோடு தாம்பரம் பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வண்டிகளை வேடிக்கை பார்ப்பதுதான் அவருடைய பொழுது. அன்று சொல்லிவிட்டேன்.

"அத்தான், அந்தக் கடைசி வரியை நான் எழுதியிருக்கக் கூடாது."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏன் மச்சான், எனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு நெனச்சியா? பிரிண்டெட் இன் இங்கிலாந்துன்னு படிக்கக்கூடவா தெரியாது எனக்கு? தெரிஞ்சுதான் சொன்னேன்."

கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே மேலும் சொன்னார்.

"தெரியலைன்னு வாயால சொல்ல முடியலை. உங்க அக்கா அத்தனை நாள் முட்டி போட்டு ஜெபிச்சிருக்கா. அவகிட்ட போய், நானே எறங்கிட்டேன்னு எப்படிச் சொல்றது? அந்த டாக்டரே கண்டுபிடிக்கட்டும்னு விட்டேன்."

"குரோம்பேட்டையில தாண்டினீங்களே, அன்னிக்கு முடிவு பண்ணீங்களா?"

"அட்டையை மட்டுமா மனப்பாடம் பண்ணினேன்? லைனையே மனப்பாடமாத்தான் ஓட்டினேன்டா, ஒரு வருஷம். சானடோரியம் தாண்டினா ஒத்தைப் பனை, வானத்துல கறுப்பாத் தெரியும். அங்க பிரேக் பிடிச்சா குரோம்பேட்டையில சரியா நிக்கும். பல்லாவரத்துக்கு குவாரி வெள்ளையாத் தெரியும். தோல் பதனிடுற ஆலை வாடை அடிச்சா எங்க இருக்கேன்னு தெரியும். மூக்காலயும் ஓட்டியிருக்கேன். சிக்னல் தெரியாதப்ப முன்னால போற வண்டியோட சத்தத்தை வெச்சு ஓட்டுவேன். அந்தக் காலையில பனையைக் காணோம். முந்தின நாள் வெட்டிட்டாங்க. வரும் வரும்னு பாத்துட்டே இருந்தேன், பிளாட்பாரம் வந்துடுச்சு."

ஒரு வண்டி வந்து நின்றது. அது கிளம்பும்வரை அவர் பார்த்திருந்தார்.

அத்தான் இப்போது இல்லை. அக்காவும் இல்லை, அவளிடம் இதை நான் சொல்லவே இல்லை. பாய் கடை இருந்த வரிசையை இடித்து மேம்பாலத்துக்குச் சரிவு இறக்கிவிட்டார்கள். குறுகிய தண்டவாளத்தைப் பெயர்த்து அகலப் பாதை போட்டார்கள். தோல் வாடை அடிப்பதில்லை. குவாரி இருந்த பக்கம் அடுக்குமாடிகள். இன்றும் ரயிலில் போனால் சானடோரியம் தாண்டியதும் ஜன்னலோரம் வந்துவிடுகிறேன். அந்தப் பனை எந்த இடத்தில் நின்றது என்று எனக்குத் தெரியாது. கேட்டால் சொல்ல இப்போது ஆளும் இல்லை.