பெயர் அரக்கு, படம் பச்சை

இன்று காலை ஒரு முகூர்த்தப் புடவையின் பட்டு நூல், தவறான சாயத்தில் விழாமல் தப்பியது.

இலைப்பச்சை கேட்டிருந்த மணப்பெண் நேற்று அரக்குக்கு மாறினாள். கடைக் கணினியில் நிறத்தின் பெயரை மாற்றி, பெயரும் புடவைப் படமும் தெரியும் திரையைப் படம்பிடித்துச் சாயக்காரருக்கு அனுப்பினேன்.

காலையில் அவர் போன். "இன்னா மொதலாளி, எழுத்துல அரக்கு இருக்குது, படத்துல பச்சை இருக்குது. தண்ணி கொதிச்சிக்கினு இருக்குது, எதுல முக்கறது?"

"அரக்குதான்பா."

"வாய்ப்பேச்சு வேணாம். படத்தை மாத்தி அனுப்பு."

மென்பொருள் எழுதித் தந்த கலைவாணியை வரவழைத்தேன்.

"பேரை ஆர்டரோட பைண்ட் பண்ணிட்டேண்ணா, அங்க மாறினா இங்க தானா மாறும். படத்தோட நிறம் சாதாரண ப்ராப்பர்ட்டி, எதோடயும் கட்டாத தனி விவரம். மொத தபா குடுத்ததையே வெச்சிக்கினு நிக்கும்."

"அதையும் பைண்ட் பண்ணிடும்மா."

"பைண்ட் ஆகற மாதிரி அதை நான் எழுதலண்ணா. மாத்தி எழுதணும்."

அரை மணி நேரத்தில் எழுதினாள். அரக்கு என்று தேர்ந்தெடுத்தேன், திரையில் புடவையே அரக்கானது. பிறகு மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள், வெங்காயத்தோல். அடுப்பில்லை, புகையில்லை, அந்திவானம் போல ஒரே புடவை நிறம் மாறிக்கொண்டே இருந்தது. வியாபாரத்தை மறந்து உட்கார்ந்துவிட்டேன்.

"அண்ணா, அங்க தண்ணி கொதிக்குது!"

மறுபடி அரக்கைத் தேர்ந்தெடுத்து, படத்தை அனுப்பினேன்.

புடவைக் கடை வைத்திருப்பவர்களே, உங்கள் கடைத் திரையில் எது மாறாமல் நிற்கிறது, பார்த்துச் சொல்லுங்கள். கலைவாணியிடம் நான் பேசி முடித்தது: கரை நிறமும் முந்தி நிறமும் இப்படித் தானாக மாற எழுதித் தர, சேர்த்து இரண்டாயிரம் ரூபாய்; புடவையின் உடல் நிறம் அவள் விட்ட பிழை என்பதால் இலவசம்.