வாடகை நாவலின் ஓரங்களில்

போன வாரம் செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் தாம்பரம் போகும்போது, புதிதாக வந்திருந்த ஒரு நாவலை வாசித்து முடித்தேன். எல்லோரும் புகழ்கிற நாவல். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் கடைசி அத்தியாயத்தில், கணவன் செய்த துரோகத்தை ஆசிரியர் ஒரே வரியில் மன்னித்துவிட்டுப் போனபோது கோபம் வந்துவிட்டது. பையைத் துழாவிப் பென்சிலை எடுத்து, ‘அவ்வளவு சுலபமா?’ என்று பக்கத்தின் ஓரத்தில் எழுதினேன். எழுதிய பிறகுதான், கையெழுத்து என்னுடையதாக இருந்தாலும் கேள்வி அம்மாவுடையது என்று தெரிந்தது.

என் அம்மாவும் அப்பாவும் நாவல் பைத்தியங்கள். அப்பாவுக்குக் கல்பாக்கத்தில் டெக்னீஷியன் வேலை. ஸ்டாஃப் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அவர் மடியில் ஒரு நாவல் இருக்கும். அம்மா ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அப்பா வீட்டில் இருக்கும் நேரங்களில் அதே நாவல் அவள் கைக்கு வந்துவிடும். எங்கள் தெருமுனையில், தையல் கடைக்கு மேல் மாடியில், ஒரு வாடகை நூல்நிலையம் இருந்தது. புதிதாக எந்த நாவல் வந்தாலும் அதற்கு அட்டை போட்ட கையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது விசாரணை நடக்கும்.

“இந்த ஆளு சமையக்கட்டுப் பக்கமே போனதில்ல போல. புளி கரைக்காமலே குழம்பு கொதிக்குது பாருங்க” என்பாள் அம்மா.

“அத வுடு. நாப்பதாம் பக்கத்துல அடைமழை, நாப்பத்தொண்ணுல துணி காயுது” என்பார் அப்பா.

அவர்கள் இருவரும் இப்படி அலசுகிற ஆட்களெல்லாம் படாளத்துப் பக்கம் எங்கோ வசிக்கும் உறவினர்கள் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். ஐந்தாம் வகுப்புக்கு வந்த பிறகு அது கதை, அதில் வருகிறவர்கள் நிஜத்தில் கிடையாது என்று தெரிந்துவிட்டது. அந்த ஞானம் வந்ததில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அந்த வருடம்தான் அவர்களுக்குள் பேச்சு நின்றது. மாமல்லபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அம்மா விண்ணப்பித்திருந்தாள். நேர்முகத் தேர்வுக்கு வரச்சொல்லி வந்த கடிதத்தைத் தபால்காரர் தெருவிலேயே அப்பாவிடம் கொடுத்துவிட்டார். அப்பாவின் சாப்பாட்டுப் பையைக் கழுவுவதற்காக அம்மா கவிழ்த்தபோது, டிபன் பாக்ஸுக்கு அடியிலிருந்து கடிதம் விழுந்தது. தேதி போய் நான்கு நாளாகியிருந்தது.

“மறந்துட்டேன்” என்றார் அப்பா.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதற்கப்புறமும் சொல்லவில்லை. “சாப்பாடு எடுத்து வெச்சாச்சுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு” என்று அப்பா காதில் விழும்படி என்னிடம் சொல்வாள். “பசியில்லன்னு சொல்லு” என்று அவரும் அம்மா காதில் விழும்படி என்னிடம் சொல்வார். நானும் நடுவில் நின்று இரண்டையும் ஒழுங்காகச் சொல்வேன். ஒரு கடிதம் தொலைந்ததற்கா இவ்வளவு என்று எனக்கு ஆச்சரியம். நான் அந்த வருடம் மட்டும் மூன்று ஜியாமெட்ரி பாக்ஸ் தொலைத்திருந்தேன்.

பேச்சு நின்றாலும் நாவல் நிற்கவில்லை. அம்மா படித்துவிட்டு மேஜையில் வைப்பாள். அப்பா எடுத்துக்கொண்டு போவார். திரும்பி வந்ததும் அதே மேஜையில் வைப்பார். சனிக்கிழமைகளில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கிவருவது என் வேலை. அப்படி ஒருநாள் போனபோது நூல்நிலையக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னா பாப்பா, போன புக்குல யாரோ ஓரமெல்லாம் எழுதி வெச்சிகிறாங்க? இது இன்னா உங்க வூட்டு செவுரா? இன்னொரு தபா பாத்தேன், கார்டைக் கிழிச்சிடுவேன்னு வூட்ல சொல்லு.”

வீட்டில் சொல்லவில்லை. ஏற்கெனவே இருக்கிற சண்டை போதாதென்று இது வேறா என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

அடுத்த தவணை முடிகிற சனிக்கிழமை. அப்பா காலை ஷிப்டுக்குப் போயிருந்தார். அம்மா படாளத்தில் மாமா வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தாள். மத்தியானத்துக்குள் வந்துவிடுவதாகச் சொல்லி என்னைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தாள். நான் சாவியை வாங்கி வந்து, புத்தகத்தை எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் பென்சில் எழுத்து. அம்மாவின் உருண்டை எழுத்தும், அதற்குக் கீழே அப்பாவின் சாய்ந்த எழுத்தும்.

உட்கார்ந்து அழிக்க ஆரம்பித்தேன். படிக்காமல் எப்படி அழிப்பது? படித்துக்கொண்டேதான் அழித்தேன். ‘இந்த மாமியாருக்கு வேறு வேலையே இல்லையா’ என்று அம்மா கேட்டிருந்தாள். ‘ஆசிரியருக்கும் இல்லை போல’ என்று அப்பா பதில் எழுதியிருந்தார். ‘இவள் ஏன் எல்லாவற்றையும் மனதிலேயே பேசிக்கொள்கிறாள்?’ என்று அப்பா எழுதியிருந்த இடத்தில், ‘வெளியே பேசினால் யார் கேட்கிறார்கள்?’ என்று அம்மா. எல்லாம் கதையைப் பற்றித்தான். சுவாரசியமாகவே இல்லை.

ஒரு பக்கத்தில் மட்டும் முனை மடிக்கப்பட்டிருந்தது. நூற்று முப்பதாம் பக்கம். மனைவி வேலைக்காக வெளியூர் கிளம்புகிறாள். ஸ்டேஷனுக்கு வந்து ரயிலேற்றி விடுவதாகச் சொன்ன கணவன் வரவில்லை. அவள் டிக்கெட்டும் அவனிடம்தான் இருக்கிறது. ரயில் போய்விடுகிறது. ‘அவன் மறந்துவிட்டான்’ என்று நாவலில் இருந்தது. அம்மா அதை அடிக்கோடிட்டு, ‘மறந்துதான் போனானா?’ என்று எழுதியிருந்தாள். அதன் கீழே அப்பாவின் எழுத்து. பென்சிலை அழுத்தி எழுதியிருந்ததால் லேசில் போகவில்லை. நான் தேய்த்த தேய்ப்பில் தாளே கிழிந்துவிடும்போல் ஆகிவிட்டது. கடைசியில் அதுவும் போயிற்று. மடிப்பையும் நீவிவிட்டு, புத்தகத்தை மாடியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். நூல்நிலையக்காரர் புரட்டிப் பார்த்துவிட்டு, “இப்டித்தான் வெச்சிக்கணும்” என்றார்.

அம்மா வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மேஜையைப் பார்த்தாள்.

“புக்கு எங்கடி?”

“குடுத்துட்டேம்மா. நீங்க ரெண்டு பேரும் கிறுக்கியிருந்தீங்க இல்ல, அத்தனையும் நானே அழிச்சிட்டேன்” என்றேன். பாராட்டை எதிர்பார்த்து நின்றேன்.

அம்மா அடிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தாள். நடந்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. நான் ஓடவேண்டியிருந்தது. புத்தகத்தைத் திரும்ப வாங்கினாள். மாடிப்படியிலேயே நின்று, எனக்குத்தான் தெரியும் என்று நான் நினைத்திருந்த பக்கத்தை நேராகப் பிரித்தாள். வெயிலுக்குச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

“இங்க உங்கப்பா ஏதாச்சும் எழுதியிருந்தாரா?”

“ஆமா.”

“இன்னான்னு? படிச்சியா?”

எனக்கு மனப்பாடம் நன்றாக வரும். பள்ளியில் திருப்பிச் சொல்வதுபோல் கைகட்டி நின்று சொன்னேன்: ‘மறக்கவில்லை. பயந்துவிட்டான். அவள் சம்பாதிக்கப் போய்விட்டால் நம்மை மதிப்பாளா என்று நினைத்துவிட்டான். அதை அவளிடம் சொல்லவும் வெட்கம்.’

அம்மா புத்தகத்தை மூடினாள். கீழே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் படியில் உட்கார்ந்தாள்.

“இன்னொரு தபா சொல்லு.”

சொன்னேன். ஒரு வார்த்தைகூட விடாமல் சொன்னேன்.

இதற்குப் பின்னால் என்னென்னவோ நடந்தது. அம்மா வேறு பள்ளிக்கூடங்களுக்கு எழுதிப் போட்டாள். ஒவ்வொரு விண்ணப்பத்தையும் அப்பாவே தபாலாபீஸுக்கு எடுத்துப்போய், ரசீதை அம்மா பார்க்கும் இடத்தில் வைத்தார். ஒரு வருடம் கழித்து அவளுக்குத் திருக்கழுக்குன்றத்தில் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தாள். ஆனாலும் அந்தக் கடிதத்தை அவள் முழுதாக மன்னித்துவிட்டாள் என்று என்னால் சொல்ல முடியாது. மாமல்லபுரம் வழியாக பஸ்ஸில் போகும்போதெல்லாம் அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். அப்பாவும் பேச்சை நிறுத்திவிடுவார்.

புத்தகத்தைத் திரும்ப வாங்கிவந்த அன்று சாயங்காலம் அப்பா வந்தார். அடையாள அட்டை கழுத்தில் தொங்க, வாசலில் ஷூவைக் கழற்றக் குனிந்தவரிடம் அம்மா நேராகப் பேசினாள். நடுவில் நிற்க என்னைக் கூப்பிடவில்லை.

“அப்போ, மறக்கல.”

அப்பா நிமிர்ந்தார். ஒரு காலில் ஷூ, மறுகாலில் சாக்ஸ். மேஜையில் இருந்த புத்தகத்தைப் பார்த்தார்.

“மறக்கல” என்றார்.

“அத வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னா? ஒரு மாசமா ஊமையாட்டம்...” புடவைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்பா அவள் பக்கத்தில் போகவும் முடியாமல், நின்ற இடத்தில் நிற்கவும் முடியாமல், கதவைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு இருவரையும் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரு நாவலுக்காகவா இப்படி? அம்மாவின் தோளைத் தொட்டு, “அழாதம்மா. அது கதைதானே. நெஜமா யாரும் அப்டிப் பண்ணமாட்டாங்க” என்றேன்.

அழுகைக்கு நடுவில் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். அப்பா சிரிக்கவில்லை. அவருக்கும் ஏதாவது ஆறுதல் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சண்டை அந்தக் கணவனால்தானே வந்தது? அவனை நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து திட்டிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தேன்.

“அந்த ஆளு ரொம்ப மோசம், இல்லப்பா?” என்று கேட்டேன்.

“ஆமா பாப்பா” என்றார் அப்பா. “ரொம்ப மோசம்.”