முத்தாயம்மாள் ஏறிய கார்

நீங்கள் கடைசியாக வெளியூர் புறப்பட்ட அன்று உங்கள் வீட்டுக்குள் ஒரு கதவு சாத்திக்கொண்டதே, அந்தச் சத்தம் உங்கள் காதில் விழுந்ததா? விழுந்திருக்காது. சூடம் கொளுத்துகிற அவசரத்திலும் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைக்கிற பக்தியிலும் அது கேட்காது. கார் ஓட்டியே தலை நரைத்த கந்தவேலுக்கும் அப்படித்தான் கேட்காமலே போயிற்று.

கந்தவேல் சேலம் அம்மாபேட்டைக்காரர். தகப்பனுக்குத் தறி, கூடப் பிறந்த ஆண்களுக்கும் தறி. இவருக்கு மட்டும் தறிக்குழியில் கால் தங்கவில்லை. நூல் மண்டி முதலாளி தண்டாயுதபாணி புதுசாகக் கார் வாங்கியபோது அதைத் துடைத்து வைக்கப் போனவர், ஓட்டவும் பழகி, அதிலேயே ஆயுளைக் கழித்துவிட்டார். இடுப்பு ஒத்துழைக்காமல் வேலையை விட்டு நின்ற அன்று, என்ன வேண்டும் என்று முதலாளி கேட்டார். ஏதாவது தொகை கேட்பான் என்று நினைத்திருப்பார். கந்தவேல் கேட்டது, ஓரங்கட்டி வைத்திருந்த பழைய காரை. அதுவும் சொந்தமாக அல்ல; பொங்கல் கழிந்து மூன்று நாளைக்கு.

காரணம் அவர் மனைவி தெய்வநாயகி. நாமக்கல் கோட்டை, திருச்செங்கோட்டு மலை, பவானியில் ஆறு கூடுகிற இடம் எல்லாம் அவளுக்குச் சோற்றோடு பரிமாறப்பட்ட கதைகள்தான். முதலாளியின் குடும்பம் பின்னால் உட்கார்ந்து ஊர் பார்க்கும். கந்தவேல் சாலையைப் பார்ப்பார். இரவு வீட்டுக்கு வந்து, பார்க்காததையும் சேர்த்து மனைவிக்குச் சொல்வார். மகள்களைக் கட்டிக் கொடுத்தாயிற்று. இனியாவது அவளை முன்னால் உட்கார வைத்து ஒரு சுற்று சுற்றிக் காட்ட வேண்டும் என்பது அவர் ஆசை.

அந்த வீட்டில் இன்னொருத்தியும் இருந்தாள். கந்தவேலின் அக்காள் முத்தாயம்மாள். காவேரிக்கரை ஊர் ஒன்றில் பதின்மூன்று வயதில் கட்டிக்கொடுத்து, பதினாறில் தாலியறுத்துத் திரும்பி வந்தவள். தம்பிமார் தறிக்கு நூல்தார் சுற்றியது அவள் கை. தெய்வநாயகியின் பிரசவங்களைப் பார்த்தது அவள் கை. ஆனால் யாராவது ஒரு காரியமாக வாசல்படி தாண்டினால் மட்டும் அவள் பின்கட்டு அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். போ என்று யாரும் சொல்வதில்லை. கொடுமைகளிலேயே கெட்டிக்காரத்தனமான கொடுமை இதுதான்: காவலாளி வேண்டாம், பூட்டு வேண்டாம், அடைபடுகிறவளே நேரம் தவறாமல் போய் அடைபட்டுக்கொள்வாள். நாமும், அவள் சுபாவம் அப்படி என்று சொல்லிக்கொண்டு வெற்றிலை போடுவோம்.

புறப்படுவதற்கு முந்தின மாலை முத்தாயம்மாள் தம்பியிடம் வந்து, மேட்டூருக்கும் போகிறீர்களா என்று கேட்டாள். அணை கட்டி மூன்று நாலு வருஷம் ஆகியிருந்தது. அவள் வாழ்க்கைப்பட்ட ஊர் அந்தத் தண்ணீருக்குள் போய்விட்டதாகப் பேச்சு.

"அந்த ஊரு நெசமாவே முழுகிப் போச்சா, இல்ல சும்மா சொல்றாங்களான்னு நல்லாப் பாத்துட்டு வந்து சொல்லு சாமி."

கந்தவேல் தலையாட்டினார். காலையில் தெய்வநாயகி முன் இருக்கையில் ஏற வெட்கப்பட்டாள். எதிர்வீட்டுப் பொன்னாயி, "முதலாளியம்மா கெளம்பிட்டாங்க, எல்லாரும் வழி உடுங்க" என்றாள். தெரு சிரித்தது. எலுமிச்சம்பழம் நசுங்கியது. பின் இருக்கையில் பெட்ரோல் டின்னும் கட்டுச்சோற்று மூட்டையும் ஏறி உட்கார, கார் நகர்ந்தது.

மல்லூர் தாண்டும்வரை பனி விலகவில்லை. பனைமரங்கள் அடிமரம் இல்லாமல் தலை மட்டும் மிதந்தன. எங்கோ மாட்டு மணி கேட்கும், வண்டி தெரியாது. பிறகு வண்டி தெரியும். அதற்குள் மணிச்சத்தம் பின்னால் போய்விட்டிருக்கும். வெயில் ஏறியதும் போதமலை ஒரு பக்கம் மெல்லக் கண் திறந்தது. ராசிபுரத்துக்கு அப்பால் கொல்லிமலை நீலமாக, யாரோ துவைத்து உலர்த்திய சேலை போல, கிழக்கு முழுக்க நீண்டு கிடந்தது. கரும்பாலைகளில் பாகு கொதிக்கிற வாசனை சாலைமேல் படிந்திருந்தது. தெய்வநாயகி தன் ஊருக்குப் பக்கத்திலேயே இப்படி ஓர் உலகம் இருந்துகொண்டு இத்தனை நாள் தன்னிடம் சொல்லாமல் இருந்துவிட்டது போல், கொஞ்சம் கோபத்தோடுகூடப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

நாமக்கல்லில் ஒற்றைப் பாறையின் மேல் கோட்டை உட்கார்ந்திருந்தது. படி ஏறி உச்சிக்குப் போனார்கள். கீழே வயல்கள் பச்சையும் பழுப்புமாகத் துண்டு துண்டாகக் கிடக்க, தறியில் ஓடும் பாவு நூல் போல எல்லாம் ஒரே திசையில் இழுபட்டுப் போவதாக அவளுக்குத் தோன்றிற்று. திருச்செங்கோட்டில் மலை சிவந்து நின்றது. மலைமேல் இருக்கிற சாமி தன் உடம்பில் பாதியைப் பெண்ணுக்குக் கொடுத்தவராம். அந்த மலையைக் கும்பிட்டு இறங்குகிறவன், அடிவாரத்தில் வெள்ளைச்சேலைக்காரி ஒருத்தி எதிரே வந்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒதுங்கிப் போகிறான். பாதி உடம்பு கொடுத்த சாமியிடம் இவன் என்னத்தைக் கற்றுக்கொண்டு வந்தான்?

சங்ககிரிக் கோட்டையின் நிழல் சாலையில் விழுந்து கிடந்ததைத் தாண்டி, குமாரபாளையத்தில் உறவுக்காரர் வீட்டில் தங்கி, மறுநாள் பவானியில் ஆற்றைக் கடந்தார்கள். வலதுகைப் பக்கம் காவேரி ஒளிந்தும் தெரிந்தும் கூடவே வந்தது. கார் ஓடுகிறதா, ஆறு ஓடுகிறதா, தாங்கள் இருவரும் தூங்கிக்கொண்டு இதையெல்லாம் காண்கிறார்களா என்று தெரியாதபடி ஒரு மிதப்பு. கந்தவேல் இத்தனை மெதுவாக ஒருநாளும் ஓட்டியதில்லை.

மேட்டூரில் அந்த மிதப்பு கலைந்தது. அணைக்கு மேலே போய் நின்றதும், மலைகள் எல்லாம் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நிற்பது போல் அவ்வளவு நீர். காற்று படும்போது மட்டும் வெளுத்து, மறுபடி ஆழ்ந்த பச்சைக்குத் திரும்பியது.

"இதுல நங்கை ஊரு எந்தப் பக்கமுங்க?" என்று தெய்வநாயகி கேட்டாள். கணவனின் அக்காளை நங்கை என்பது அந்தப் பக்கத்து வழக்கம்.

"அந்த மலைக்கு இந்தாண்ட எங்கியோ."

"எங்கியோன்னா? போயி அவங்ககிட்ட என்னன்னு சொல்லுவீங்க?"

"தண்ணியாத்தான் கெடக்குதுன்னு சொல்லுவேன்."

"சும்மா சொல்றாங்களா, நெசமான்னுதானுங்க அவங்க கேட்டாங்க. நாம போயிச் சொன்னா அதும் சொல்றதுதானுங்களே."

அவள் திரும்பிக் காரைப் பார்த்தாள்.

"பின்னால ரெண்டு பேரு உக்காரலாம். அதுல டின்னு உக்காந்து ஊரு பாத்துட்டு வருது. கூப்புடோணும்னு எனக்குந் தோணல, உங்களுக்குந் தோணல."

"அக்காதான் ஆளு கெளம்பறதுக்கு மிந்தி உள்ள போயிக்குதே."

"போவேண்டாம்னு எப்பனாச்சும் சொன்னமுங்களா?"

கந்தவேல் விரல்விட்டு நாளை எண்ணினார். காரைத் திரும்பக் கொடுப்பதற்கு ஒரு நாள் மிச்சம் இருந்தது. அந்த ஒரு நாளில் அக்காளைக் கொண்டுவந்து காட்டினால்தான் உண்டு. விட்டால் இன்னொரு கார் அவருக்கு வாய்க்கப்போவதில்லை. அணையடிப் பூங்காவைப் பார்க்காமல், தண்ணீரில் காலைக்கூட நனைக்காமல், ஓமலூர் வழியாகச் சேலத்துக்குத் திருப்பினார்.

மறுநாள் விடிந்ததும் இருவரும் கிளம்புகிற அரவம் கேட்டு, முத்தாயம்மாள் வழக்கம்போல் எழுந்து பின்கட்டுக்குப் போனாள். கதவு சாத்திக்கொண்டது. அன்றைக்கு அந்தச் சத்தம் கந்தவேலுக்குக் கேட்டது. கதவுக்கு இந்தப் பக்கம் போய் நின்றார்.

"அக்கா, வெளிய வா. நீயும் வர்ற."

"நான் எதுர வந்தா ஆவாது சாமி. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஊரு என்னைத்தான் பேசும்."

"ரெண்டு தடவ காரைப் பள்ளத்துல எறக்கியிருக்கறேன். ஒருக்கா மல்லூர் ஓடையில, ஒருக்கா சங்ககிரி வளைவுல. அந்த ரெண்டு நாளும் நீ எங்க இருந்த?"

"இங்கதான். இந்தக் கதவுக்கு உள்ள."

"அப்பறம்?"

தாழ்ப்பாள் நகர நேரமாயிற்று. நகர்ந்தது. தெய்வநாயகி அதோடு விடவில்லை. நங்கையைத் தெருக்கோடிவரை கூட்டிப்போய், அங்கிருந்து காருக்கு நேர் எதிராக, தெரு முழுக்கப் பார்க்கும்படி நடத்திக்கொண்டு வந்தாள். முத்தாயம்மாள் முந்தானையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே வந்தாள். வாசல் தெளித்துக்கொண்டிருந்த பொன்னாயியின் கை நின்றது.

"தெய்வநாயகி, முதலாளி காரு. பாத்து."

"காருக்குக் கண்ணு மூஞ்சியிலதான் இருக்குது பொன்னாயி. அது நல்லாவே பாத்துக்கிச்சு."

மேச்சேரிக்கு அருகில் பின்சக்கரம் காற்றுப் போய் உட்கார்ந்தது. எல்லாம் தன்னால்தான் என்று முத்தாயம்மாள் பதறினாள். என்னை இங்கேயே இறக்கிவிடு, நடந்து ஊர் போய்ச் சேருகிறேன் என்று தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கந்தவேல் டயரைக் கழற்றி, தடவிப் பார்த்து, குத்தியிருந்ததைப் பிடுங்கி அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"மாட்டு லாடத்து ஆணி. இதுக்கு உன்னைத் தெரியுமா, என்னைத் தெரியுமா?"

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆயிரம் சாஸ்திரக்காரர்கள் கூடினாலும் மறுக்க முடியாத சாட்சி அந்தத் துரு ஏறிய ஆணி. ஒட்டுப்போட்டு முடிக்கும்வரை சாலையோரத்து அவரைக்காட்டில் தெய்வநாயகியோடு நின்று, அவரை பூ எடுத்திருப்பதைப் பற்றி முத்தாயம்மாள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

நீர்த்தேக்கத்தின் முன் முத்தாயம்மாள் வெகுநேரம் நின்றாள். அழுவாள் என்று தெய்வநாயகி எதிர்பார்த்து, தோளைத் தொட்டுக்கொள்ளத் தயாராக அருகில் போனாள்.

"எங்க மாமியா ஊட்டு அடுப்படி அதுக்குள்ளதான் இருக்கோணும்" என்றாள் முத்தாயம்மாள். "அவரு செத்த மூணாம் நாளு என்னை அங்க நிறுத்தி வெச்சு, எம்பையனைத் தின்னவளேன்னு சொன்னாங்க. நேத்துவரைக்கும் அந்த அடுப்படி கனவுல வரும். நெசமாவே முழுகிருச்சா கந்தா?"

"நெசம்கா."

"அப்ப அங்க மீனு மேயுமா?"

"மேயும்கா. பெரிய பெரிய மீனு."

முத்தாயம்மாள் சிரித்தாள். முதலில் முந்தானைக்குள், பிறகு வெளியே. அந்தச் சிரிப்பைத் தம்பி அதுவரை கேட்டதே இல்லை. அவள் அந்த ஊரைக் காணத் தவித்துக் கேட்கவில்லை. அது ஒழிந்துபோனதைத் தன் கண்ணால் பார்க்கத்தான் கேட்டிருக்கிறாள். சரிந்துவிட்ட வெயிலில் தண்ணீர் பொன்னாகி, ஊதாவாகி, மலையும் மலையின் நிழலும் எது எதுவென்று தெரியாமல் கலந்தன. சிரிப்பு அடங்கியபின் அவள் வடக்கே கைநீட்டினாள்.

"அந்த மலைக்கு அந்தாண்ட என்ன ஊரு?"

பென்னாகரம் என்றார் கந்தவேல். அதற்கும் அப்பால் ஒகேனக்கல், ஆறு பாறைமேல் இருந்து விழுகிற இடம்.

"அதப் பாக்க எப்படிப் போறது?"

கார் அன்றைக்கே போய்ச் சேர வேண்டும். போய்ச் சேர்ந்தது. ஆனால் அடுத்த தையில் முத்தாயம்மாள் பஸ் ஏறி, தெய்வநாயகியோடு அந்த அருவியைப் பார்த்தாள். அதற்கப்புறம் கொல்லிமலை அடிவாரம். நடக்க முடிகிறவரை வருஷத்துக்கு ஓர் ஊர். அவள் எதிரே வந்ததால் அம்மாபேட்டையில் ஒரு வீடும் இடிந்து விழவில்லை. கந்தவேலும் நெடுநாள் நல்லபடியாக வாழ்ந்தார்.

உங்கள் வீட்டிலும் ஒருத்தி இருப்பாள். அக்காளோ, அத்தையோ, பெற்ற தாயோ. பனி விலகுகிற காலம் இது. சாலைகள் காய்ந்து கிடக்கின்றன. இதை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய், எந்த ஊரைப் பார்க்க ஆசை என்று அவளிடம் கேளுங்கள். இத்தனை வருஷம் யாரும் கேட்காததால் பதில் வரத் தாமதமாகும். வரும்வரை நில்லுங்கள், வந்ததும் கூட்டிக்கொண்டு போங்கள்.